கோல் கோணாமல் இருக்க

பூல் ஆடப் புது கியூ வாங்கியவர் முதலில் செய்கிற காரியம், அதை மேசைமேல் வைத்து உருட்டிப் பார்ப்பது. உருளும்போது கோலுக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் கோட்டம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் உருட்டியபோது நூல் பிடித்ததுபோல் ஓடிய கோல், ஆறேழு மாதம் கழித்து அதே மேசையில் வெளிச்சம் காட்டத் தொடங்கும். மரம் சரியில்லை என்பார் ஒருவர். வெயிலில் போட்டிருப்பாய் என்பார் இன்னொருவர். அந்தக் கோல் எங்கே தங்கியிருந்தது என்று கேட்பவர் குறைவு. வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆடுகிறவரின் கியூ, மீதி நூற்றறுபது மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

பெட்டி வாங்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் வெளிப்புறம். தோலா ரெக்சினா, தையல் எப்படி, சாக் வைக்கப் பை இருக்கிறதா, தோளில் மாட்டப் பட்டை உண்டா. உள்ளே கையை விட்டு, மெத்தென்று இருந்தால் திருப்தி அடைந்துவிடுகிறோம். கியூவின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த உட்புறம்தான். அங்கே கோல் எந்த இடத்தில் தொடுகிறது, எங்கே தொங்குகிறது, எந்தப் பொருளோடு உரசுகிறது என்பதைச் சரிசெய்வது வீட்டிலேயே முடிகிற வேலை. அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலைத் தெரிந்துகொண்டு செய்தால் நன்றாகவே முடியும்.

முதலில் அளவுகள். பூல் கியூ பெரும்பாலும் 58 அங்குல நீளம். நடுவில் திருகிக் கழற்றினால் இரண்டு பாதி, தலா 29 அங்குலம், அதாவது ஏறக்குறைய 737 மி.மீ. கை பிடிக்கிற தடித்த பாதி பட். பந்தை அடிக்கிற மெல்லிய பாதி ஷாஃப்ட். பட்டின் அடிப்பகுதி 32 மி.மீ. விட்டம் இருக்கும். இரண்டும் சேரும் ஜாயின்ட்டில் 21, 22 ஆகக் குறைந்து, ஷாஃப்டின் நுனியில் 12, 13 மி.மீ.க்கு வந்துவிடும். நுனியில் ஒட்டிய தோலான டிப்பின் அகலம் 14 மி.மீ.யையும், மொத்த எடை 25 அவுன்ஸையும் தாண்டக் கூடாது என்பது உலகப் பூல் சங்கத்தின் விதி. வழக்கில் இருப்பவை 18 முதல் 21 அவுன்ஸ் வரை, அதாவது அரைக் கிலோவும் கொஞ்சமும். பெட்டியை ‘ஒன்றுக்கு ஒன்று’, ‘இரண்டுக்கு நான்கு’ என்று எண்ணால் சொல்வார்கள். முதல் எண் எத்தனை பட், அடுத்தது எத்தனை ஷாஃப்ட்.

இந்த அளவுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று: கியூ முழுவதும் ஒரே தடிமன் இல்லை. மொத்தத்தில் கூம்பு. பெட்டிக்குள் இருக்கும் குழாயோ நேர் உருளை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குள் போகுமுன் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மரம் குடிக்கும் தண்ணீர்

ஷாஃப்ட் செய்ய அதிகம் பயன்படுவது வட அமெரிக்காவில் வளரும் ஹார்ட் மேப்பிள். அங்கே வீட்டுக்குள் பயன்படும் மரத்தைச் சூளையில் உலர்த்தி, ஈரத்தை 6 முதல் 8 சதவீதத்துக்கு இறக்குவது வழக்கம். வெட்டி, உலர்த்தி, கடைந்து, மெருகு போட்டாலும் மரம் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 9 சதவீதத்தில் போய் நிற்கும். 80 சதவீதமானால் 15-ஐ எட்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகள் இறுகிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் கதவு பெருப்பது அகலவாக்கில். பச்சை மரம் முழுக்க உலரும்போது, மேப்பிள் ஆண்டு வளையத்தின் போக்கில் கிட்டத்தட்ட 10 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். இதைப் படிக்கிறவர், நீளம் மாறாவிட்டால் கோல் எப்படி வளையும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஒரு கோலின் ஒரு பக்கம் மற்ற பக்கத்தைவிட நீண்டுவிட்டால், அது நீண்ட பக்கத்தை வெளியே வைத்து வில்லாக வளையும். நடுவில் எவ்வளவு வளையும் என்பதைக் கண்டுபிடிக்க, கோலின் நீளத்தை இரண்டு பக்கத்துக்கும் உள்ள நீள வித்தியாசத்தால் பெருக்கி, விட்டத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். 737 மி.மீ. நீளமும் 13 மி.மீ. விட்டமும் உள்ள ஷாஃப்டில் வித்தியாசம் 0.07 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அவ்வளவுதான். கணக்குப் போட்டால் அரை மில்லிமீட்டர் வளைவு வருகிறது. உருட்டிப் பார்க்கிற கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

முடியளவு வித்தியாசம் உண்டாக, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 2 சதவீத அளவுக்குக் கூடுதல் ஈரம் குடித்திருந்தால் போதும். கோல் முழுவதும் ஒரே சீராக 9-லிருந்து 15 சதவீதத்துக்குப் போனால் அது கொஞ்சம் பெருக்கும், அவ்வளவே, வளையாது. ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தினால்தான் வளைவு. ஈரம் இருப்பதைவிட ஈரம் சமமில்லாமல் இருப்பதுதான் பகை. பெட்டியின் உட்புறத்தை ஒழுங்குசெய்யும்போது நான் பிடித்துக்கொள்ளும் ஒரே நூல் இதுதான். தொடுவதும் தாங்குவதும் காற்றுப் படுவதும் நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

ஈரம் சமமானதும் கோல் நிமிர்ந்துவிடாதா? பல நேரம் நிமிரும். ஆனால் வளைந்த நிலையில் அதன்மேல் ஒரு பாரமும் இருந்தால் கதை மாறிவிடுகிறது. பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் மரத்தில் ஈரம் ஏறி இறங்கினால், அது சும்மா பாரம் தாங்கும்போது தொய்வதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தொய்ந்துபோகும் என்பதை 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் தொய்வு கூடிக்கொண்டே போவதுதான் இதில் வியப்பு. சுவரில் சாய்த்த பெட்டிக்குள் ஒரு முனை குழாயின் இந்தப் பக்கத்திலும் மறுமுனை எதிர்ப்பக்கத்திலும் ஊன்றி நிற்கும் ஷாஃப்டுக்கு, தன் எடையே அந்தப் பாரம். அத்துடன் பகலில் குளிர்சாதன அறை, இரவில் கடற்காற்று என்று தினமும் ஈரம் ஏறி இறங்குகிறது.

மூடிய பெட்டியின் பலம்

இதில் பெட்டி நமக்குச் சாதகமாக ஒரு வேலை செய்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. நடுத்தர அளவுப் பெட்டிக்குள் ஐந்து லிட்டர் காற்று இருக்கும் என்று வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில், 75 சதவீத ஈரப்பதத்தில், அந்தக் காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீர் 0.11 கிராம். உள்ளே படுத்திருக்கும் கியூவின் மரத்துக்குள் இருப்பதோ ஏறக்குறைய 50 கிராம். மூடியைச் சாத்தியபின் உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தை மரமே முடிவு செய்கிறது. காற்று மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் ஏற வேண்டுமானால் நாலைந்து கிராம் தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்குப் பெட்டியின் காற்று நூறு முறைக்கு மேல் முழுசாக மாற வேண்டியிருக்கும்.

நன்றாக மூடும் பெட்டி ஈரத்தை நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. மெதுவாக வரும் ஈரம் மரத்தின் எல்லாப் பக்கத்துக்கும் பரவ அவகாசம் கிடைக்கிறது. அதனால் உள் வேலைகளில் முதலாவது, ஜிப்பும் மூடியும் இடைவெளி இல்லாமல் மூடுகின்றனவா என்று பார்ப்பதுதான். இருட்டறையில் பெட்டிக்குள் செல்போன் டார்ச்சை எரியவிட்டு மூடுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். மூடியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 24 டிகிரி குளிர்ச்சியில் இருந்த கியூவை, 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள வராந்தாவுக்கு எடுத்துவந்து உடனே பெட்டியைத் திறக்கக் கூடாது. அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே தண்ணீராகிவிடும். ஜாயின்ட்டின் உலோகத்தில் பனி பூப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மரத்தின் மேல் படிவது கண்ணுக்குத் தெரியாது. அரை மணி நேரம் மூடியபடியே விட்டால் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும்.

மரத்தின் ரேகைபோகும் திசையில் ஈரம், குறுக்கே நுழைவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக நுழையும். ஆகவே ஷாஃப்டின் இரண்டு முனைகள்தான் திறந்த வாசல்கள். நுனியில் டிப்பும் அதற்கு அடியில் உள்ள ஃபெரூல் என்ற வளையமும் அடைத்துக்கொள்கின்றன. ஜாயின்ட் பக்கம் திறந்தே இருக்கும். அதற்கென விற்கும் திருகு மூடிகளை அலங்காரம் என்று நினைத்துப் பலர் வாங்குவதில்லை. வாங்குங்கள். ஈரத்தையும் தடுக்கும், பட்டின் திருகாணி உள் துணியைக் கிழிக்காமலும் பார்த்துக்கொள்ளும்.

நேர் குழாய்க்குள் கூம்பு

இனி குழாய்க்குள் எட்டிப் பார்ப்போம். கிளப்பில் என்னோடு ஆடும் தம்பி ஒருவர், ஷாஃப்ட் மூன்றாவது முறையாகக் கோணிவிட்டது என்று பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல பெட்டி, உள்ளே கறுப்பு வெல்வெட். டார்ச்சை உள்ளே பிடித்துப் பார்த்தோம். ஷாஃப்ட் குழாயின் அடியில், ஒரே பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலச் சாக் அப்பியிருந்தது. வாய்ப்பக்கத்தில் அதற்கு நேர் எதிர்ச் சுவரில் வெல்வெட்டின் மயிர் தேய்ந்து பளபளத்தது. நடுவில் ஒன்றரை அடிக்கும் மேலாகத் துணி புத்தம் புதுசு.

“அப்படின்னா ரெண்டு இடத்துலதான் தொடுதாண்ணே?” என்றார்.

அவ்வளவுதான். 25 மி.மீ. குழாய்க்குள் ஜாயின்ட் முனை ஓரளவு நிறைந்து நிற்கிறது. கீழே 13 மி.மீ. நுனிக்குச் சுற்றிலும் காலி இடம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கோல் குழாய்க்குள் மூலைவிட்டமாகப் படுத்து, இரண்டு முனைகளிலும் மட்டும் ஊன்றி, நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. சாய்ந்த பக்கத்தில் வெல்வெட்டின் ஈரம் ஒட்டுகிறது; எதிர்ப்பக்கம் வெறும் காற்று. தாங்கலும் சமமில்லை, ஈரமும் சமமில்லை. பட்டுக்கும் இதே நிலைமைதான், தலைகீழாக: தடித்த அடி கீழே நிறைந்து நிற்க, மெல்லிய மேல்முனை ஆடும். பெட்டியைக் குலுக்கினால் கேட்கும் கடகட சத்தம் பெரும்பாலும் அந்த மேல்முனையிலிருந்து வருவது.

ஒரு கோலை இரண்டே இடத்தில் தாங்குவதானால் எங்கே தாங்க வேண்டும் என்ற கேள்வி, பூல் விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் தீர்க்கப்பட்டிருக்கிறது. பாரிஸ் அருகே செவ்ரில் காக்கப்படும் மீட்டர் சட்டம், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த 1,020 மி.மீ. நீளமுள்ள கட்டை. உலகத்தின் நீள அளவே அதன்மேல் கீறிய இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரமாக இருந்த காலம் அது. சட்டம் தன் எடையால் எள்ளளவு தொய்ந்தாலும் அளவு மாறிவிடும். ஆகவே 1927-இல் வகுத்த வரையறையிலேயே, 571 மி.மீ. இடைவெளியில் வைத்த இரண்டு உருளைகள்மேல் அதைக் கிடத்த வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதாவது ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22 சதவீதம் உள்ளே தள்ளி. ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸலின் பெயரால் இவற்றைப் பெஸ்ஸல் புள்ளிகள் என்கிறார்கள்.

ஒரே சீரான கோலை இரண்டு முனைகளில் தாங்கினால் நடுவில் எவ்வளவு தொய்யுமோ, பெஸ்ஸல் புள்ளிகளில் தாங்கினால் அதில் ஐம்பதில் ஒரு பங்குதான் தொய்யும். எனக்கு இந்த விகிதம் இன்னும் வியப்பாகவே இருக்கிறது. கூடுதல் பொருள் எதுவும் வேண்டாம். தாங்கும் இடத்தை மாற்றினால் போதும். நம் 737 மி.மீ. ஷாஃப்டுக்கு இந்த இடம் ஒவ்வொரு முனையிலிருந்தும் 16 செ.மீ. கியூ கூம்பாக இருப்பதால் கொஞ்சம் முன்பின் நகரும். ஒரு விரல் அகலம் அப்படி இப்படி இருந்தாலும் பாதகமில்லை.

அந்த இரண்டு இடத்திலும் கோலைச் சுற்றி நாலு பக்கமும் சமமாகப் பிடிக்கும் வளையம் ஒன்று போட்டுவிட்டால் இரண்டு குறையும் ஒன்றாகத் தீர்கின்றன. கோல் குழாயின் நடுவில் நிற்கும், தொய்வு போகும், மீதி நீளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு காற்று இருக்கும்.

செய்வது எப்படி? 75 செ.மீ. ஆழக் குழாயின் அடிப்பக்கத்தில் கையை விட்டு வளையம் ஒட்ட முடியாது. குழாயைத் தொடாமல், தனியாக ஓர் உள்ளுறை செய்து சொருகுவதே சுலபம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கெட்டியான பாலியெஸ்டர் ஷீட்டை, குழாயின் உள் சுற்றளவுக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். 25 மி.மீ. குழாய்க்குச் சுற்றளவு 78 மி.மீ. ஷீட்டைத் தரையில் விரித்து, குழாயின் அடியில் வரப்போகும் முனையிலிருந்து 16 செ.மீ. தள்ளி ஒரு கோடும், மறுமுனைப் பக்கம் அதேபோல் ஒரு கோடும் போடுங்கள். அந்தக் கோடுகளில் மூன்று செ.மீ. அகல ஃபோம் பட்டைகளைக் குறுக்கே ஒட்டுங்கள். பட்டையின் தடிமன்தான் இதில் முக்கியம். அந்த இடத்தில் ஷாஃப்டின் விட்டத்தை அளந்து, குழாயின் விட்டத்திலிருந்து கழித்து, இரண்டால் வகுத்து, அதோடு அரை மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். நுனிப்பக்கம் விட்டம் 13 என்றால் ஆறரை மி.மீ. பட்டை. ஜாயின்ட் பக்கம் விட்டம் 18 என்றால் நாலு மி.மீ. ஒட்டிய ஷீட்டைப் பட்டை உட்புறம் வரும்படி சுருட்டிக் குழாய்க்குள் விட்டால், அது தானாக விரிந்து சுவரோடு பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் உருவிவிடலாம், பெட்டிக்குச் சேதமில்லை. அருங்காட்சியகங்களில் பழம்பொருளுக்கு எதைச் செய்தாலும் பின்னால் பிரித்தெடுக்க முடிகிற மாதிரிச் செய்வார்கள். அந்த ஒழுங்கு இங்கும் நல்லது.

பிறகு செய்தித்தாளைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, கோலுக்கும் வளையத்துக்கும் நடுவே விட்டு உருவிப் பாருங்கள். லேசான தடையோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் தளர்வு; கிழிந்தால் இறுக்கம். நாலு பக்கமும் செய்து, நாலும் ஒரே மாதிரி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி எதிர்ப்பக்கம் தளர்ந்தால், இறுகின பக்கத்துப் பட்டையை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துக் குறைக்கலாம். பொறுமையாகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடிந்துவிடும் வேலை.

ஸ்னூக்கர் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்ட அந்த விளையாட்டுக்கு, முக்கால் அளவில் பிரியும் கோலை விரும்புகிறவர்கள் அதிகம். நீளத் துண்டு ஒரு மீட்டரைத் தாண்டும். கோலின் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது: நீளம் ஒன்றரை மடங்கானால் தொய்வு ஐந்து மடங்கு. நீளப் பெட்டியில் முனைகளில் மட்டும் பள்ளம் வெட்டிய ஃபோம் இருந்தால், வெட்டிய இடத்தை 22 சதவீதக் கணக்குக்கு மாற்றுவது அவசியம்.

மூடியின் அழுத்தம் கோலை வளைத்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். 13 மி.மீ. மேப்பிள் கோலை இரண்டு முனையிலும் அழுத்தி வளைக்க 30 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். எந்தப் பெட்டி மூடியும் அவ்வளவு அழுத்தாது. ஆனால் டிப் மேலே பார்க்கும்படி ஷாஃப்டைச் சொருகினால், அந்த அழுத்தம் தோலால் ஆன டிப்பைத் தட்டையாக்கும். டிப் கீழே இருக்கட்டும்.

கீழே விழும்போது

டிப் கீழே இருந்தால், பெட்டி செங்குத்தாக விழும்போது மொத்த அடியும் டிப்புக்கும் ஃபெரூலுக்கும் போகும். அதற்குத்தான் குழாயின் அடியில் ஒரு மெத்தை. இடுப்புயரம், ஒரு மீட்டர் என்று வைப்போம். விழுகிற பொருள் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால், அதன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு விசை தாக்கும். பத்து மில்லிமீட்டரில் நின்றால் நூறு மடங்கு. விழுந்த உயரத்தை நிற்க எடுத்த தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் இந்த எண். நூற்றுப் பத்துக் கிராம் ஷாஃப்டாக இருந்தாலும் ஆயிரம் மடங்கு என்றால் 110 கிலோ. அரை அங்குல விட்டமுள்ள தோலின்மேல்.

ஆகவே மெத்தை தடிமனாக இருக்க வேண்டும், அதோடு சரியான அளவு கெட்டியாகவும் இருக்க வேண்டும். ரொம்ப மென்மையான பஞ்சு அடிவரை அமுங்கிவிட, கோல் குழாயின் அடித்தட்டில் நேரே மோதும். ரொம்பக் கெட்டியானது அமுங்கவே அமுங்காது. டிவி பெட்டியோடு வரும் வெள்ளை பாலித்தீன் ஃபோம் இந்த எடைக்கும் பரப்புக்கும் ஏறக்குறையப் பொருத்தமானது. அதில் 25 மி.மீ. வட்டம் வெட்டி அடியில் போட்டால், அதன் தடிமனில் பாதியளவு அமுங்கும் தூரமாகக் கிடைக்கும். போடுமுன் பெட்டியின் ஆழத்தை, திருகு மூடியோடு சேர்ந்த ஷாஃப்டின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே மூடியின் மெத்தை, கோலை இரண்டு மூன்று மி.மீ. அழுத்தினால் போதும்.

எந்தப் பொருளை உள்ளே விடுவது

பெட்டியைத் திருத்துகிறவர்கள் அதிகம் தவறுவது பொருள் தேர்வில். கைக்கு மென்மையாக இருப்பதெல்லாம் கோலுக்கு நல்லதில்லை.

சோபாவில் போடும் பஞ்சு பாலியூரித்தேன் ஃபோம். அதில் ஒரு வகை வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் தானாகச் சிதைந்து, பிசுபிசுத்துத் தூளாகும். அலமாரியில் எடுக்காமல் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் ஒரு நாள் கையில் உதிர்வதும் இந்தச் சிதைவுதான். அந்தத் தூள் ஷாஃப்டில் ஒட்டினால் துடைத்தெடுப்பது பெரும்பாடு. பாலித்தீன் ஃபோமில் இந்தத் தொல்லை இல்லை. உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் பழம்பொருள்களை வைக்க அதையே விரும்புகின்றன. சொரசொரப்பாக இருந்தால் மேலே துவைத்த பருத்தித் துணி போர்த்திக்கொள்ளலாம்.

ரெக்சின், மென்மையான பிவிசி ஷீட் ஆகியவற்றை உள்பக்கம் போடாதீர்கள். அவற்றை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய் போன்ற வேதிப்பொருள் மெல்ல வெளியேறி, பட்டின் மெருகுக்குள் ஊறும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு என்றால் இளகிப் பிசுபிசுக்கும். கிட்டார் வாசிக்கிறவர்கள் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் மெருகு போனதைப் பார்த்திருப்பார்கள்.

கம்பளி ஃபெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கியூக்களின் பட்டில் வெள்ளி வளையங்கள் பதித்திருப்பார்கள். கம்பளி என்பது ஆட்டின் மயிர். மயிரின் புரதத்தில் கந்தகம் உண்டு. அதிலிருந்து கசியும் கந்தக வாயு, மூடிய பெட்டிக்குள் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய கறுப்பு ரப்பரும் அப்படியே. வெள்ளி வளையம் உள்ள கியூவுக்குப் பருத்தியோ பாலியெஸ்டரோ போதும்.

சந்தேகமான துணியைச் சோதிக்க வழி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த சோதனை அது. துணியின் துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளைக் கண்ணாடிக் குப்பியில் ஈரத்தோடு அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தால் அந்தத் துணி கண்காட்சிப் பெட்டிக்குள் போகாது. வீட்டில் அவ்வளவு துல்லியம் வராது. இருந்தாலும் துலக்கிய பழைய வெள்ளிக் கொலுசுத் துண்டொன்றைத் துணியோடும் ஈரப் பஞ்சோடும் மூடிபோட்ட பாட்டிலில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் வைத்தால், மோசமான துணி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்திலேயே துணியில்லாத பாட்டிலும் ஒன்று வைக்க வேண்டும். ஒப்பிட ஆள் வேண்டுமே.

தம்பியின் பெட்டியில் குழாயடியில் அப்பியிருந்த சாக்கும் சும்மா தூசி இல்லை. 1897-இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் வீரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற சிகாகோ வேதியியலாளரும் காப்புரிமை வாங்கிய கலவையின் வழிவந்தது இன்றைய பூல் சாக். பள்ளிக்கூடச் சாக்பீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் சிலிகாவோடு அலுமினியம் ஆக்ஸைடைச் சேர்த்தார்கள். உப்புத்தாளில் ஒட்டுகிற அதே கடினமான பொடி. வைரத்தைப் பத்து என்று வைக்கும் கடினத்தன்மை அளவில் இது ஒன்பது. வெல்வெட்டில் பொதிந்த அந்தப் பொடிமேல் ஷாஃப்டை நாளுக்கு இரண்டு தரம் சொருகி உருவினால், நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதில் ஆச்சரியமில்லை. அதுவும் சாய்ந்த ஒரே பக்கம் தேயும். பெட்டிக்குள் விடுமுன் டிப்பையும் நுனியையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, குழாய்க்குள் வாக்குவம் கிளீனரின் மெல்லிய குழலை விட்டு உறிஞ்சலாம். தனி உள்ளுறை என்றால் உருவியெடுத்துக் கழுவிக் காயவைக்கவே முடியும்.

பெட்டியில் போட்டுவைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் எடுத்துவிடுங்கள். காய்ந்த பொட்டலம் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பொட்டலத்துக்கு அருகில் உள்ள பக்கம் மட்டும் காய்ந்து, நாம் பாடுபட்டுக் கொண்டுவந்த சமநிலை கெடும். மர இசைக்கருவிகளுக்கென்று விற்கும் இருவழிப் பொட்டலங்கள், ஈரம் மிஞ்சினால் உறிஞ்சி, குறைந்தால் வெளிவிடும். வேண்டுமென்றால் அவற்றைப் பயன்படுத்தலாம். குழாய்க்குள் போடாமல் பக்கத்துப் பையில் வைத்தால் நல்லது.

கடைசியாகப் பசை. ஃபோமும் துணியும் ஒட்ட ரப்பர் பசைதான் எல்லோரும் எடுப்பது, நன்றாகவே பிடிக்கும். அதில் கரைப்பானாக இருக்கும் டொலுவீன் வகைத் திரவங்கள் பெட்டிக்குள் ஆவியாகத் தங்கிவிட்டால் மெருகையும் டிப் ஒட்டிய பசையையும் இளக்கக்கூடும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் சேர்த்து அழுத்துங்கள். உள்ளுறையைக் குழாய்க்குள் விடாமல் நிழலில் விரித்தபடி ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு சொருகி, பெட்டியை மூடி ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். பசை வாசனை வந்தால் இன்னும் மூன்று நாள் காய வேண்டும். வராவிட்டால் ஷாஃப்டைத் துடைத்து, திருகு மூடி போட்டு, டிப் கீழே இருக்கும்படி உள்ளே இறக்கலாம்.